ஐந்தாம் மிதவை

கர்ர்ர்... கர்ர்ர்...

பெஞ்சின் மேல் கிடந்த வாக்கி டாக்கி திடீரென்று இரைந்தது. அவ்வாத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது.

மாலை ஆறு நாற்பது. ரமலான் மாதம். சாக்கடலின் தென்கோடி.

கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பன் காலித்தின் தாய்மாமன் அவ்வாத்துக்கு நடந்தது. காலித் பொய் சொல்கிறவன் இல்லை.

எட்டு கிலோமீட்டர் நீளும் மண் அணை. அதன் மேல் ஒற்றைச் சாலை. இருபுறமும் வெள்ளை வெளேரென்று உப்புப் பாத்திகள். கடைசிப் பாத்தியின் நடுநீரில் நாலாம் மிதவை. அதில் அவ்வாத் மட்டும்.

கடல்நீரை வெயில் குடிக்கக் குடிக்க, முதல் பாத்திகளில் வெறும் உப்பு படியும். கடைசிப் பாத்திகளில்தான் பொட்டாஷ் உப்பு. மிதவையின் இரும்புப் பற்கள் அதை நீருக்கடியில் சுரண்டும். பம்பு உறிஞ்சிக் குழாய் வழியே ஆலைக்குத் தள்ளும். அங்கே கழுவி, காயவைத்து, உரமாக மூட்டை கட்டுவார்கள். பம்பு கொஞ்ச நேரம் நின்றால் போதும்... குழாய்க்குள் உப்பு கல்லாக இறுகிவிடும். அதனால் மிதவையில் எந்நேரமும் ஓர் ஆள் வேண்டும்.

நோன்பு திறக்கும் நேரத்து வேலையை யாரும் விரும்ப மாட்டார்கள். அவ்வாத் கேட்டு வாங்கினார். மனைவி ஷம்ஸா இறந்து நாற்பது நாள். பிள்ளை குட்டி இல்லை. அந்த வீட்டில் ஒற்றைத் தட்டின் முன் உட்கார அவரால் முடியவில்லை.

"பொழுது சாஞ்சு மஃரிப் ஆயிடுச்சு! திறங்கப்பா, திறங்க!" வாக்கி டாக்கியில் நாயிஃபின் குரல். ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவன். பள்ளிவாசலின் பாங்கு அழைப்பு அவ்வளவு தூரம் எட்டாது. அவன்தான் நேரம் சொல்வான். ஒவ்வொரு மிதவையும் தன் எண்ணைச் சொல்ல வேண்டும்.

"ஒண்ணு."

"ரெண்டு. என் சம்பூசாவ எவன்டா தின்னது?"

"மூணு. நான் இல்ல. வாசனைதான் பிடிச்சேன்."

"நாலு," என்றார் அவ்வாத்.

"அவ்வாத் அண்ணே, இன்னிக்காவது வயிறு நிறைய சாப்பிடுங்க. காத்தடிச்சா பறந்துடுவீங்க போல," என்று சிரித்தான் நாயிஃப்.

கர்ர்ர்...

"அஞ்சு."

மிக மெலிதாக. வறண்ட தொண்டை.

பேரீச்சம்பழத்தை எடுக்கப் போன அவ்வாத்தின் கை நின்றது. "நாயிஃப், அஞ்சுன்னு யாருப்பா சொன்னது?"

"நாலுதான் வந்துச்சு அண்ணே. பசி மயக்கமா?"

ஐந்தாம் மிதவை என்று இப்போது ஒன்று இல்லை. ஆறு வருடம் முன்பு அதில் ஹம்த் என்ற தொழிலாளி இருந்தார். இதே மாதம், இதே நேரம், குழாய் அடைத்துக்கொண்டது. "அடைப்பை எடுத்துட்டு வந்து நோன்பு திறக்கிறேன்," என்று இறங்கினார். அந்த நீர் யாரையும் மூழ்க விடாது. ஆனால் குப்புற விழுந்தவனைப் புரள விடாது. மறுநாள் காலை மிதந்துகொண்டிருந்தார். சட்டைப் பையில் மூன்று பேரீச்சம்பழம்... தொடாமல். மிதவையைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். எண் சொல்லும் வழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அவ்வாத் பழத்தை வாயருகே கொண்டுபோனார்.

அந்த ஊரில் ஒரு பழக்கம். காது கேட்கும் தூரத்தில் யார் இருந்தாலும், அழைக்காமல் வாயில் வைக்க மாட்டார்கள். வைத்தால் கேவலம். நாற்பது நாளாக அவ்வாத்துக்கு அழைக்க ஆள் இல்லை. இப்போது காதருகே ஒரு குரல் கேட்டிருக்கிறது...

விரல் தானாகவே பொத்தானை அழுத்தியது.

"வாங்க. சேர்ந்து சாப்பிடலாம்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பம்பு ஓடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. நீரிலிருந்து எழுந்த மூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் இருட்டு. அந்த இருட்டுக்குள்ளிருந்து...

சரக்... சரக்... சரக்...

உப்பை மிதித்து வரும் காலடி. சுற்றிலும் நீர். மிதிக்க உப்பு எங்கே இருக்கிறது?

இரும்பு ஏணி முனகியது. ஒரு படி. இன்னொரு படி. கசப்பான, எண்ணெய் பிசுக்கான நெடி. பாத்தியின் அடியைக் கிளறும்போது வருமே, அதே நெடி.

அவ்வாத் ஓடவில்லை. எங்கே ஓடுவது? தேநீர்க் குவளையை நிரப்பினார். பிறகு, நாற்பது நாளாகப் பைக்குள்ளேயே கிடந்த இன்னொரு குவளையை எடுத்தார். ஷம்ஸாவுடையது. அதையும் நிரப்பி எதிரே வைத்தார்.

ஏழு பத்துக்கு நாலாம் மிதவையின் பம்பு நின்றது. நாயிஃப் கூப்பிட்டுப் பார்த்தான். படகு போனது.

இரண்டு குவளைகளும் காலி. பேரீச்சங்கொட்டைகள் இரண்டு குவியலாக. எதிர் பெஞ்சில், ஒரு மனிதன் உட்காரும் அளவுக்கு உப்பு பூத்திருந்தது. அவ்வாத் இல்லை. விடிய விடியத் தேடினார்கள். அந்த நீரில் பிணம் மிதந்தே தீரும். எதுவும் மிதக்கவில்லை.

மறுநாள் மஃரிப். நாலாம் மிதவைக்கு யாரும் போகவில்லை. நாயிஃப் நேரத்தை மட்டும் சொன்னான்.

"ஒண்ணு."

"ரெண்டு."

"மூணு."

பிறகு இரைச்சல் மட்டும். நாயிஃப் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாக்கி டாக்கியைக் கீழே வைக்கப் போனான்.

கர்ர்ர்...

அவ்வாத்தின் குரல். வாய் நிறையப் பழம். இத்தனை நாளில் அந்தக் குரல் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

"அஞ்சு. நாங்க ரெண்டு பேரும் நோன்பு திறந்துட்டோம், தம்பி. நீயும் வா, சாப்பிடலாம்."