வாசுமல் ஏறாத ரயில்

இந்தியா-பாகிஸ்தான் பிரிவினைப் படம் பார்த்து அழாதவங்க கையைத் தூக்குங்கன்னு இப்பக் கேட்டேன். ஒரு கைகூட எழும்பல. சரி... நானும் உங்க கட்சிதான். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே பார்க்கிற ஆளு. அதனால சினிமாவைத் திட்ட நான் வரல. ஆனா சௌகார்பேட்டையில ஒண்ணு நடந்துச்சு, குட்டிக் கதைதான்... அதைச் சொல்லிட்டு மேல போகட்டுமா?

அங்க வாசுமல்னு ஒரு பெரியவர். ஜவுளிக் கடை. சிந்திக்காரர், கராச்சியில பொறந்தவர். நாடு ரெண்டாப் பிரிஞ்சப்ப அக்கா ருக்மணி கையைப் பிடிச்சுக்கிட்டு, சின்னப் பையனா மெட்ராஸ் வந்து சேர்ந்தவர். இப்ப அவர் பேசுற தமிழுக்கு முன்னாடி நீங்களும் நானும் நிக்க முடியாது.

அந்தத் தெருவுல வருஷா வருஷம் ஆகஸ்ட் பதினஞ்சுக்குக் கொடியேத்துவாங்க. ஏத்தினதும் வாசுமல் ரெண்டு வார்த்தை பேசணும், அது வழக்கம். என்ன பேசுவாரு? "கராச்சியில கலவரம். ஒட்டக வண்டியில துறைமுகம் போனோம். கப்பல் ஏறினோம். பம்பாய் வர்ற வரைக்கும் நான் வாந்தி எடுத்தேன். ஜெய் ஹிந்த்." அவ்வளவுதான். ஒட்டகம்னு சொன்னதுமே ஜனம் லட்டுத் தட்டைப் பார்க்கும். வாந்தி வர்றதுக்குள்ள பாதித் தெரு எழுந்து போயிருக்கும்.

அப்பதான் ஒரு படம் வந்துச்சு. பேரு வேண்டாம்... எல்லாத்துலயும் இருக்கிறதுதான் அதுலயும். கொட்டுற மழை. கூரை மேலயும் ஆளுங்களை ஏத்திக்கிட்டு ஒரு ரயில். கையில கத்தியோட பக்கத்து வீட்டுக்காரன்.

அந்த ஆகஸ்ட்ல கொடிக் கமிட்டிச் செயலாளர் ஆசையாக் கேட்டாரு, "ஐயா, நீங்க வந்த ரயிலும் அப்படித்தானா?" அவ்வளவு ஆசையாக் கேக்குறவர்கிட்ட இல்லைன்னு சொல்ல இவருக்கு மனசு வரல. "ஆமாப்பா... ரயில்ல நல்ல கூட்டம்..."

ஒருத்தரும் லட்டுக்குப் போகலீங்க.

மறு வருஷம் அந்த ரயில்ல மழை பெஞ்சுது. இவங்க வந்தது பிரிவினைக்கு அடுத்த ஜனவரி. கராச்சியில ஜனவரி மாசம் குடை விக்கிறவன் கடையச் சாத்திட்டுத் தூங்கப் போவான். இருந்தாலும் பெஞ்சுது. அதுக்கடுத்த வருஷம் வாசுமல் கூரை மேல ஏறிட்டாரு. கொஞ்ச நாள்ல கத்தியோட பக்கத்து வீட்டுக்காரனும் வந்துட்டான். பொய் சொல்றாரா மனுஷன்? அதான் இல்லை. சொல்லிச் சொல்லி அவருக்கே அது கண்ணுல தெரிய ஆரம்பிச்சுடுச்சு.

ஒரு வருஷம் நானும் விருந்தாளியாப் போயிருந்தேன். முதல் வரிசையில அக்கா ருக்மணி. இங்க வளர்ந்து புனேவுல வாழ்க்கைப்பட்டவங்க, தொண்ணூறைத் தொட்ட வயசு, தமிழும் மறக்கல, காதும் மந்தமாகல. தம்பி ரயில் ஏறுறாரு... மழை கொட்டுது... பக்கத்து வீட்டுக்காரன் கத்தியை ஓங்குறான்... தெருவே மூக்கைச் சிந்துது. அக்கா கையைத் தூக்கினாங்க.

"வாசு, கராச்சியில நீ எப்படா ரயில் ஏறின?"

"அக்கா... நாமதான..."

"நாம ரயில் ஏறினது பம்பாயில. மெட்ராஸ் வர்றதுக்கு. குண்டக்கல் ஸ்டேஷன்ல வடை வாங்கிக் கொடுத்தேன், சட்னி காரம்னு ஊரைக் கூட்டின. அந்த ரயில்ல நீ பட்ட கொடுமை அது ஒண்ணுதான்."

கூட்டம் சிரிச்சுது. செயலாளரும் சிரிச்சாரு. அக்கா சிரிக்கல.

"பக்கத்து வீட்டுல யாருடா இருந்தது?"

அக்காவே பதிலும் சொன்னாங்க.

"ஜுமன் சாச்சா இருந்தாரு. நாம சித்தப்பா முறை வெச்சுக் கூப்பிட்ட மனுஷன். ஒட்டக வண்டிக்காரர். அன்னைக்கு ஒட்டகத்தோட கால்மணியை அவுத்து வெச்சுட்டு, பஞ்சு மூட்டைக்கு அடியில நம்மளப் படுக்க வெச்சுத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனாரு. வழி மறிச்சவங்க மூட்டையக் குத்திப் பார்க்கணும்னாங்க. 'முதல்ல என்னைக் குத்திட்டுப் பாருங்க'ன்னு நின்னாரு. அவரு கையிலயாடா நீ கத்தியைக் கொடுத்த?"

வாசுமல் கண்ணை மூடினாரு. அப்புறம் அக்காகிட்ட மட்டும் சொல்ற மாதிரி சொன்னாரு. மைக் கையில இருந்ததால எல்லாருக்கும் கேட்டுடுச்சு.

"அக்கா... சாச்சா முகத்தை நினைச்சுப் பார்க்கிறேன். படத்துல வந்த வில்லன் முகம்தான் வருது."

அக்கா எழுந்து போய்த் தம்பி கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "மேல ரெண்டு பல்லு இருக்காதுடா அவருக்கு. அவர் சிரிச்சா நீ அந்த ஓட்டையில விரலை விடுவ..."ன்னு அடையாளம் சொல்றாங்க. இவர் தேடுறாரு... வரலை.

யோசிச்சுப் பாருங்க. நாடு பிரிஞ்சப்ப அவருக்கு வீடு போச்சு, ஊரு போச்சு. அவ்வளவு போயும் ஜுமன் சாச்சா மிச்சம் இருந்தாரு. அந்த மனுஷனைப் பறிச்சது கலவரமா? இல்லை... நாம டிக்கெட் எடுத்துப் பார்த்து அழுத படம். படத்தை மட்டும் சொன்னா தப்பு. அவர் நடந்ததைச் சொன்னப்ப நாம லட்டைப் பார்த்தோம். படத்தைச் சொன்னப்ப அழுதோம். அவர் வேற என்ன செய்வாரு, சொல்லுங்க?

எடுக்கிறவங்க எடுக்கட்டும். மழை பெய்ய வைக்கட்டும், அது அவங்க தொழில். நீங்களும் போய்ப் பாருங்க, நல்லா அழுங்க. ஆனா உங்க தெருவுலயும் சிந்துல இருந்தோ, பர்மாவுல இருந்தோ, யாழ்ப்பாணத்துல இருந்தோ வந்த ஒருத்தர் இருப்பாரு. படம் முடிஞ்சு வர்ற வழியில அவர்கிட்டப் போய்க் கொஞ்சம் உட்காருங்க. ரயிலைப் பத்திக் கேக்காதீங்க. 'உங்களைப் பத்திரமாக் கொண்டுவந்து விட்டது யாரு?'ன்னு கேளுங்க. அவர் ஒட்டகம்னு ஆரம்பிச்சா...

தயவு பண்ணி லட்டு எடுக்க எழுந்திரிக்காதீங்க.