டிரம் நின்ற மத்தியானம்

மத்தியானம் பன்னிரண்டரை மணி. ஆற்றுக்குப் போகும் மண்பாதை. ஈ காக்கை இல்லை...

என்ன, பேய்க் கதைக்கு மத்தியானமா என்று முழிக்கிறீர்களா? அதுக்கென்ன, வெயில் என்றால் பேய்க்குக் கண் கூசுமா? போர்வையை இழுத்துக்கொண்டு நெருங்கி உட்காருங்கள்.

இது என்னோடு படித்த ஒருத்தனுடைய தாய்மாமாவுக்கு நடந்தது. எல்லோருக்கும் அவர் ‘டிரம் மாமா’. ஆற்றங்கரை மண்ணைச் சலித்துத் தங்கம் எடுக்கிற தொழில். அதற்கென்று ஒரு இயந்திரம்... ஒடிசலான ஆள் ஊர்ந்து போகிற அகலத்தில் நீளமான இரும்பு உருளை, அதுதான் டிரம், உடம்பெல்லாம் ஓட்டை. அதைச் சாய்வாக வைத்துச் சுற்றவிட்டு, மேல் முனையில் மண்ணைக் கொட்டித் தண்ணீர் பீய்ச்சினால், பொடிமண் ஓட்டை வழியாகக் கீழே விரித்த சாக்கில் விழும். தங்கம் அதில் ஒட்டிக்கொள்ளும். கல்லெல்லாம் கடகடவென்று உருண்டு மறுமுனையில் வெளியே வந்து கொட்டும். கல் சிக்கிக்கொண்டால் உள்ளே ஊர்ந்துபோய் எடுத்துவிட அவர் மச்சினன் ஒருத்தனால்தான் முடியும். மாமாவின் மனைவி, அதாவது அத்தைக்கு, ஒரே தம்பி. கூப்பிடுகிற பெயரே ‘ஒல்லி’. காற்றடித்தால் இவன் இடுப்பில் கல்லைக் கட்ட வேண்டும் என்று மாமா கேலி செய்வார்.

அந்த ஒல்லி வேலை செய்துகொண்டிருந்த இடத்தில்தான் ஒருநாள் கரை சரிந்தது. ஆளைக் காணவில்லை. அன்றைக்கே ஆற்றில் வெள்ளம் வேறு... மீட்புக்காரர்கள் தேடிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். வேலையாட்கள் அதற்கப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அத்தை சாப்பாட்டைத் தொடவில்லை. கண்ணை மூடவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

மாமா ஒரு முடிவுக்கு வந்தார். சரிந்த கரை முழுவதையும் அள்ளி டிரம்மில் போட்டுவிடுவது. ஒரு சட்டைப் பொத்தான் இருந்தால்கூட அது கழுவிக் காட்டிவிடும். ஆனால் பொக்லைனில் உட்கார்ந்து மண்ணை அள்ளுகிறவர் மறுமுனையில் வருவதை எப்படிப் பார்ப்பது? யாரையாவது கூட்டிவருகிறேன் என்றார். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை.

“என் தம்பிய வேத்தாள் யாரும் நின்னு பாக்க வேண்டாங்க. நான் பாக்கறேன்.”

அப்படித்தான் அந்த மத்தியானம் இரண்டு பேரும் லாரியில் அந்தப் பாதையில் போனார்கள்.

டீசல் எஞ்சின் தடதடத்தது. டிரம் சுற்றியது. மண் போகப் போகக் கல் வந்தது... கல், கல், வெறும் கல். சாக்கு முழுக்கத் தங்கம் மினுமினுத்தது. அவ்வளவு தங்கத்தை மாமா அதுவரை ஒரே இடத்தில் பார்த்ததில்லையாம். இரண்டு பேரும் குனிந்து தொடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மாமா பொக்லைன் கண்ணாடி வழியே பார்த்தார். அத்தையின் வாய் அசைந்தது. அழுகிறாள் போலிருக்கிறது, அழட்டும் என்று விட்டுவிட்டார். மறுபடி பார்த்தபோது தலையாட்டிக்கொண்டிருந்தாள். யாரோ சொல்வதைக் கேட்டு, ம்... ம்... என்று. அப்புறம் சிரித்தாள்.

மாமா இறங்கி ஓடினார். அத்தை டிரம்மின் வாயிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

“நிறுத்துங்க. அவனுக்குத் தல சுத்துதாம்.”

மாமா எஞ்சினை அணைத்தார். டிரம் முனகிக்கொண்டே நின்றது. தண்ணீர் சொட்டியது. டொக்... டொக்... பிறகு அதுவும் இல்லை.

அப்போது உள்ளே... சரக்... சரக்...

முழங்கால் இரும்பில் தேய்கிற சத்தம். மேல் முனையிலிருந்து இந்தப் பக்கமாக வந்தது. பாதி வழியில் நின்றது, மூச்சு வாங்குவது போல. மறுபடி... சரக்... டிரம்மின் ஓட்டைகளில் அந்தப் பக்கத்து வெயில் பொட்டுப் பொட்டாகத் தெரிந்துகொண்டிருந்தது. அந்தப் பொட்டுகள் ஒவ்வொன்றாக இருண்டன. இருட்டு இவர்களை நோக்கி நகர்ந்து வந்தது. கூடவே ஒரு வாடை... பல நாள் தண்ணீரில் ஊறிய துணியை மூட்டை பிரித்தால் வருமே, அது.

டிரம்மின் வாயில் ஒன்றும் இல்லை. மாமா நன்றாகப் பார்த்தார். ஒன்றுமே இல்லை. அத்தை கையை நீட்டினாள், இறங்குகிறவனுக்குப் பிடி கொடுப்பது போல. நீட்டிய கை சட்டென்று கீழே தாழ்ந்தது. பாரம் தாங்காமல் காலை அகட்டி ஊன்றிக்கொண்டாள். ஒல்லிக்கு ஏது அத்தனை கனம்? அதை மாமா அப்போது யோசிக்கவில்லை.

லாரியில் எப்போதும் ஜன்னலோரம் உட்காருகிற அத்தை, மாமாவை ஒட்டி நடுவில் உட்கார்ந்தாள். கதவை அவள் சாத்தவில்லை. கதவு சாத்திக்கொண்டது. மாமா வண்டியை எடுத்தார். வேறு என்ன செய்வார், சொல்லுங்கள்?

வீட்டில் பின்னறையைத் துடைத்து, மெத்தைக்குப் புது விரிப்புப் போட்டாள் அத்தை. தினமும் ராத்திரி ஒரு தட்டில் சாப்பாட்டை வைத்துக் கதவைச் சாத்துவாள். காலையில் சாப்பாடு அப்படியே இருக்கும்... மேலே மெல்லிசாக வண்டல் படிந்திருக்கும். மாமா அந்த அறைப் பக்கம் போகவில்லை. ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. ஏனென்றால் அத்தை சாப்பிட ஆரம்பித்திருந்தாள். தூங்க ஆரம்பித்திருந்தாள். இவள் பிழைத்துக்கொண்டால் போதும் என்று இருந்துவிட்டார்.

மழை முடிந்து ஆறு வற்றியபோது போலீஸிலிருந்து போன் வந்தது. ஆறு கடலில் சேருகிற இடத்தில், சேற்றில் ஓர் உடல். இரண்டு பேரும் போய்ப் பார்த்தார்கள். ஒல்லிதான். சின்ன வயதில் முழங்காலில் போட்ட ஸ்க்ரூ அப்படியே இருந்தது. கரை சரிந்த அன்றைக்கே வெள்ளம் அவனை இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும் என்றார் டாக்டர். அந்த மண்ணுக்குள் அவன் இருக்கவே இல்லை.

அடக்கத்தை முடித்துவிட்டுத் திரும்பினார்கள். வழி நெடுக அழுதுகொண்டு வந்த அத்தை, வாசல்படியில் கால் வைத்ததும் அழுகையை நிறுத்தினாள். விளக்கைப் போடவில்லை. பின்னறைக் கதவையே பார்த்தாள்.

“அப்ப... இத்தன நாளா நாம யாருக்குங்க...”

செருப்பைக் கழற்றினாள். ஓசைப்படாமல் நடந்துபோய், மூச்சைப் பிடித்துக்கொண்டு, கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை...

அப்புறம், அதே மாதிரி மெதுவாக, உள்ளேயிருந்தும் யாரோ தாழ்ப்பாள் போட்டார்கள்.