துப்பக் கூடாது, பேசக் கூடாது

பல் பிடுங்கிய அன்று ஐஸ்கிரீம் சாப்பிடலாம், இன்ஸ்பெக்டர். பலருக்கு இது தெரிவதில்லை. காலமான டத்தோ நாகையாவுக்கு நானே வாங்கிக் கொடுத்தேன்.

கிள்ளானில் எங்கள் சங்கத்துக்கு அவர் தலைவர். பதினெட்டு ஆண்டுகளாக நான் செயலாளர். மேடையில் அவர் பேசியதெல்லாம் நான் எழுதியது. எங்கே மூச்சு விட வேண்டும் என்றுகூடக் கோடு போட்டுத் தருவேன். போன மாதம் அந்த உரைகளைப் புத்தகமாக்கினார். முன்னுரையில் பந்தல்காரருக்கும் சாப்பாட்டுக்காரருக்கும் நன்றி இருந்தது. என் பெயர் இல்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பல் பிடுங்கவும் சங்கத்து ஆட்கள் நாலு பேர் சூழத்தான் போவார். பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக்கில் அவருக்காகப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன்.

"அங்கிள், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?" என்றார் டாக்டர் ஷாமினி.

"டத்தோன்னு பட்டம் சொல்லிக் கூப்பிடும்மா. எனக்கென்ன வியாதி? குதிரை மாதிரி இருக்கேன் லா."

நாலு பேரும் சிரித்தார்கள். அவர்கள் முன்னால் இதய நோயை ஒப்புக்கொள்வாரா? அந்த மாத்திரையை மாதாமாதம் வாங்கி வருபவன் நான். 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

பிடுங்கியதும் ஓர் அறிவுரைத் தாள் கொடுத்தார்கள். வீட்டில் அவரைப் படுக்கவைத்துப் படித்துக் காட்டினேன். துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, அதிகம் பேசக் கூடாது. ரத்தம் நிற்காவிட்டால் உடனே கூப்பிடச் சொல்லும் கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டேன். அவர் துப்பவில்லை. எல்லாவற்றையும் விழுங்கினார்.

மதியத்துக்கு மேல் அவர் மனைவி டத்தின் சீதாலெட்சுமி எட்டிப் பார்த்தார். "முகம் வெளுத்துப்போச்சே தம்பி, டாக்டரக் கூப்பிடலாமா?"

"ஊசி மயக்கம் லா, டத்தின். நீங்க கோயிலுக்குப் போய்ட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்."

நாலு மணிக்கு டத்தோ பேச வாயெடுத்தார். தாளைக் காட்டினேன். என் பேனாவைப் பிடுங்கி, அந்தத் தாளின் ஓரத்தில் 'ஆஸ்பத்திரி' என்று எழுதினார். அவர் சொந்தமாக எழுதி நான் பார்த்த முதல் உரை அது. சுருக்கமாகவும் இருந்தது. கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

எனக்கு அவர்மேல் கோபமில்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து அவருக்கு இரங்கல் உரை எழுதினேன். எழுதி முடித்தபோது இன்னும் மூச்சு இருந்தது. ஆகவே அடியில் என் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதிவிட்டுக் காத்திருந்தேன்.