எஞ்சினை அணைக்காமல் பார்

"ஹலோ... ஹலோ... யாரு?... கேக்கல, ஒரே காத்து. சத்தமாப் பேசு... எந்த ஹம்மு?"

எந்த ஹம்மு என்பது மோஹாவுக்குத் தெரியும். தங்கை இத்தோவின் புருஷன். பதினான்கு மாதமாகக் காதில் விழாத குரல். பாலைவன ஓரத்து ஊரான ஸாகோராவில், தன் வண்டிப் பட்டறையில், கையிலிருந்த ஸ்பேனரை மெதுவாகக் கீழே வைத்தான்.

"ஓ, மாப்பிள்ளையா! என் நம்பரை அழிச்சிட்டேன்னு சந்தையில நின்னு சொன்னியாமே... மனப்பாடமா இருந்துதா? சரி, சரி... சொல்லு... ம்... ம்... வண்டி நகரலையா? எந்த வண்டி?... அடடே. நான் ஏமாத்திக் குடுத்த வண்டியா!"

பெல்ஜியத்திலிருந்து வந்த வண்டி. வயது இருபத்தெட்டு. டீசல் எஞ்சின், நாலு சக்கர இழுவை, ஆட்டோமேட்டிக் கியர். அந்தக் கியர்பாக்ஸை முழுசாகப் பிரித்து, புது கிளட்ச் பிளேட் போட்டுக் கொடுத்தவன் மோஹா. ரெண்டே மாதத்தில் மேட்டில் ஏறும்போது வழுக்கியது. பழைய பிளேட்டைப் போட்டு ஏமாற்றிவிட்டான் என்று ஹம்மு ஊர்ச்சபையில் சொன்னான். ஊர் அவுலியாவின் அடக்கத்தலத்தில் கை வைத்துச் சத்தியம் செய் என்றது சபை. ஒரு கியர்பாக்ஸுக்காகவா, மாட்டேன் என்றான் மோஹா. சத்தியம் செய்யாதவன் குற்றவாளி. வழக்கப்படி அபராதம், சபைக்கே விருந்து. தன்னைக் குற்றவாளி என்றவர்களுக்குத் தானே ஆடு அறுத்துப் போட்டான். அவர்களும் நன்றாகத்தான் சாப்பிட்டார்கள். அன்றிலிருந்து ஹம்முவின் ஊர் வண்டி ஒன்றுகூட இந்தப் பட்டறை வாசலை மிதிக்கவில்லை.

"எங்க நிக்கறே?... இரிக்கி வறண்ட ஏரிக்கு இந்தப் பக்கமா. உள்ள யாரு யாரு?... கல்யாணப் பொண்ணா! இந்த வண்டியிலயா பொண்ணை ஏத்திட்டுப் போறே?... அப்புறம்?... யாரு? ஹாஜி அல்லாலா?"

மோஹா எழுந்து நின்றுவிட்டான். ஹாஜி அல்லால்தான் சபைத் தலைவர். 'விருந்து போடு' என்ற வாய் அதுதான்.

"இத்தோவும் இருக்காளா... தண்ணி எவ்வளவு இருக்கு?... அரை கேனா? ஆறு பேருக்கு? சரி. கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. எஞ்சின் ஓடுதா?... மிதிச்சா கத்துது, சக்கரம் சுத்தல. பக்கத்துல இருக்குற சின்ன கியர் நடுவுல நிக்குதா பாரு... நல்லாப் பாரு, மணலைக் கண்டா நீ அவசரப்படுவே... இல்லையா. ரிவர்ஸ்?... அதுவும் எடுக்கல. காலையில?... நல்லா ஓடுச்சு. சூடானதும் வழுக்கல். ம்... இரு, இரு, பிளேட் கதையை இப்ப ஆரம்பிக்காதே. முன்னாலயும் பின்னாலயும் ஒரே நேரத்துல போச்சுன்னா அது பிளேட் இல்ல. கியர்பாக்ஸ் ஆயில் பாத்தியா?... கோடு வரைக்கும் இருக்கா. நிச்சயமா?"

மோஹாவின் நெற்றி சுருங்கியது.

"ஹம்மு. எஞ்சினை அணைச்சிட்டுப் பாத்தியா?... அப்புறம் எப்படிப் பாக்கறதாமா? வண்டியைக் குடுக்கும்போது ஓடவிட்டுப் பாருன்னு ரெண்டு தடவை சொன்னேனே, நீ சிரிச்சே!"

ஹம்மு அப்பாவின் லாரியில் வளர்ந்தவன். லாரிக்காரர்களுக்கு ஒரே வழக்கம்தான். விடிந்ததும், சாவியைத் தொடும் முன்னால், எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போதே ஆயில் குச்சியை உருவிப் பார்த்துவிடுவார்கள். ஓடுகிற எஞ்சினில் குச்சியை உருவுகிறவனை அவர்கள் பைத்தியம் என்பார்கள்.

"இப்ப நான் சொல்றபடி செய். ஸ்டார்ட் பண்ணு. பிரேக்கை மிதிச்சுக்கிட்டு கியரை எல்லா இடத்துக்கும் ஒரு சுத்து கொண்டுபோய் பார்க்கிங்ல நிறுத்து. அணைக்காதே! ஓடட்டும். குச்சியை எடு, துடை, திரும்ப விட்டு எடு... என்ன?... காஞ்சு கிடக்கா? நுனியில நுரையா... நிறம் என்ன?... சிவப்பு. மோந்து பாரு. தீஞ்ச வாடை?... இல்ல. இல்லையா?... அல்ஹம்துலில்லாஹ். நான் போட்ட பிளேட்டு உசிரோட இருக்கு."

கீழே வைத்த ஸ்பேனரைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டான்.

"கீழ படுத்துப் பாரு. ஒழுகல் இருக்கா?... ஒரு சொட்டுகூட இல்ல. அப்ப ஆயில் எங்க போச்சு மாப்பிள்ளை? ஒட்டகம் வந்து குடிச்சுதா?... சரி, நானே சொல்லவா? நீ வடிச்சிருக்கே... அதிகமா இருந்துதுன்னா? அது அதிகம் இல்லடா! எஞ்சின் நின்னா மேல இருக்குற ஆயில் இறங்கி அடியில தேங்கும். அதைப் பாத்துட்டு... எத்தனை தடவை?... ரெண்டு. எப்ப?... நேத்து ஒண்ணரை லிட்டர். அதுக்கு முன்னால?... இல்ல, சொல்லு... போன வருஷம். நோன்புப் பெருநாள் முடிஞ்சு."

மோஹா விரல் விட்டு எண்ணினான். பெருநாள் முடிந்து மூன்றாவது வாரம் சபை கூடியது.

"ஆக நீயே வடிச்சே, நீயே மேட்டுல வழுக்கினே, நீயே சபைக்கும் போனே. நான் ஆடு அறுத்தேன்... தெரியாம செஞ்சியா? நம்பறேன். சத்தியமா நம்பறேன். நீ கெட்டவன் இல்ல, முட்டாள். வடிச்ச ஆயில் எங்க?... ரெண்டு தடவை வடிச்சதும் ரெண்டு தண்ணி பாட்டில்ல, பின் சீட்டுக்கு அடியில. பிரமாதம். அப்ப வண்டி அரை மணி நேரத்துல கிளம்பும். எப்படின்னு சொல்றேன். அதுக்கு முன்னால போனை ஸ்பீக்கர்ல போடு... எதுக்கா? ஹாஜி கேக்கட்டும்... போடு, ஹம்மு... அப்ப அங்கயே உக்காந்திரு. பொழுது சாயறதுக்குள்ள பொண்ணு வந்து சேரலைன்னா மாப்பிள்ளை வீட்டுக்கு நீ பதில் சொல்லிக்கோ... போட்டுட்டியா? நிச்சயமா?"

தோளை நிமிர்த்திக்கொண்டான். எதிரில் யாரும் இல்லாதபோதும் தலைப்பாகையைச் சரிசெய்தான்.

"ஹாஜி அல்லால், அஸ்ஸலாமு அலைக்கும். மோஹா பேசறேன். என் வேலையில குத்தம் இல்ல. ஆயிலை வடிச்சது வண்டிக்காரன். இப்ப அவனே ஒத்துக்கிட்டான். எனக்கு ஆடு திரும்ப வேணாம். வர்ற வாரம் சபையில இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிடுங்க, அது போதும்... ஹாஜி?... என்ன, தலையாட்டறாரா? சரி. பெரியவர், வாய் திறக்க யோசிக்கறாரு போல."

மனசு லேசாகிவிட்டது. இனி வழியைச் சொல்லாமல் வைத்திருக்கத் தேவையில்லை.

"டீ கெண்டி இருக்கா? கல்யாணத்துக்குப் போறவங்ககிட்ட இல்லாமலா! தண்ணி ஒரு சொட்டு இல்லாமத் துடைச்சிடு. ஆயிலைக் கெண்டியில ஊத்தி, குச்சி போற குழாயில மூக்கை வெச்சு மெதுவா விடணும். இத்தோகிட்ட குடு, நீ சிந்திடுவே... ஆமா, எஞ்சின் ஓடட்டும். ரெண்டு பாட்டிலும் விடு... ஆச்சா? இப்ப கியரை மறுபடி ஒரு சுத்து. குச்சியைப் பாரு... கோட்டுக்கு வந்துடுச்சா! டி-யில போடு. மெதுவா... எடுக்குதா?... எடுத்துடுச்சா!"

போனுக்குள் ஒரே ஆரவாரம். பெண்கள் குலவையிட்டார்கள். மோஹாவும் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். அடுத்த நொடி சிரிப்பு நின்றது.

"யாரை வாழ்த்தறாங்க?... ஹம்மு, ஹாஜி ஏன் உன்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு... மோஹா கெடுத்ததை நீ சரி பண்ணிட்டியா?... ஸ்பீக்கர்ல போடலையா? டேய்! போடவே இல்லையா?... ஹாஜிகிட்ட போனைக் குடு! குடுடா!... ஹலோ?... யாரு?... இத்தோவா?"

பதினான்கு மாதம். அவன் குரல் தானாகத் தணிந்தது.

"எப்படி இருக்கே... நான் நல்லாத்தான் இருக்கேன். இத்தோ, நீ பக்கத்துலதானே இருந்தே? கேட்டியா?... எல்லாத்தையுமா? அப்ப நீ சொல்லும்மா. ஹாஜி உன் பேச்சை நம்புவாரு. இப்பவே, எல்லாரும் இருக்கும்போதே... ஏன்?... உன் புருஷன்தான், யாரு இல்லைங்கறா... பிள்ளைங்க அந்த ஊர்லதான் வளரணும், சரி... அவனோட மானம். என்னோடது?... அழாதே. அழாதேங்கறேன்ல. அங்க யாராவது பாக்கப் போறாங்க."

அவன் பட்டறை வாசலைப் பார்த்தான். தெருவில் ஒரு வண்டி வந்தது, வேகத்தைக் குறைக்காமலே போய்விட்டது.

"இல்ல, நான் யாருகிட்டயும் சொல்லல. சொன்னாலும் என் பேச்சு எடுபடுமா... சரி. சரிம்மா. ஒண்ணு மட்டும் கேளு. இனிமே அவன் ஆயில் பாக்கும்போது எஞ்சின் ஓடணும். இல்லைன்னா திரும்பவும் வடிப்பான், வர்றப்ப நீயும் அதே வண்டியிலதான் வரணும்... நான் சொன்னேன்னு சொல்லாதே. அவனாவே கண்டுபிடிச்ச மாதிரி..."

லைன் துண்டிக்கப்பட்டது.