கத்தரிக் கன்று நட நல்ல நாள்

"ஹலோ... ஹலோ, ஆர் கதைக்கிறது?... ஓ, நீயோ. சொல்லு... ஓம்... ஓம்... என்னது?... முழுக்கவோ?... பொறு, பொறு. அழுற மாதிரிக் கதையாமல் ஒழுங்காச் சொல்லு. எப்ப நட்டனீ?"

மாடிப்படியின் அடியில் தொலைபேசியோடு நின்ற ஸ்ரீஸ்கந்தராஜா அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்ட விதத்திலேயே, குசினிக்குள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி சிவகௌரிக்கு முழு விஷயமும் விளங்கிவிட்டது. அந்தப் பக்கத்தில் இருப்பது அவளுடைய தம்பி பாலசுப்பிரமணியன். வீட்டில் எல்லாருக்கும் பாலன். லண்டனின் மறுகோடியில், வால்தம்ஸ்டோவில் இருக்கிறான். இரவு விழுந்த உறைபனியில் அவனுடைய கத்தரிக் கன்றுகள் கருகிவிட்டன. இங்கே, தென்லண்டனில் மிச்சம் என்கிற இவர்களுடைய பகுதியிலும் காலையில் கார்க் கண்ணாடிகள் வெள்ளையாய்த்தான் கிடந்தன. மே மாதம் பாதி போன பிறகு இப்படி ஒரு பனி விழும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அந்தக் கண்ணாடியைச் சுரண்டிவிட்டுக் கணவர் விடியவே காரை எடுத்துப் போனதும், திரும்பி வந்து, சீனி போட மறந்த தேத்தண்ணியைக் குறை சொல்லாமல் குடித்ததும் அப்போது அவளுக்குப் பெரிதாய்ப் படவில்லை.

"சித்திரை மாசத்திலை எண்டு சொல்லாதை. இஞ்சை சித்திரை எண்டு ஒரு மாசம் இல்லை. ஏப்ரலும் மேயும்தான் இருக்கு... ஓம், வெயில் அடிச்சது. ஆர் இல்லையெண்டது?... ஓம் ஓம், வெள்ளைக்காரன் சேட்டைக் கழட்டிப்போட்டுப் புல்லிலை படுத்திருந்தவன். அவன் படுத்தால் நீ கத்தரி நடுறதோ? அவன் பின்னேரம் எழும்பி வீட்டை போயிடுவான். உன்ரை கத்தரி எங்கை போறது?"

ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு ஏசுவதற்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டால் சோறும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம். வேலையிடத்தில் மேலாளர் கூப்பிட்டுக் கதைக்கும்போது அவருடைய வாயிலிருந்து "யெஸ்" என்ற ஒரு சொல்லுக்கு மேல் வந்ததில்லை. சேர்த்து வைத்த மற்றச் சொற்களெல்லாம் இந்தத் தொலைபேசியில்தான் செலவாகும். அதுவும் தோட்டக் கதையென்றால் கேட்கவே வேண்டாம். கவுன்சில் வாடகைக்கு விடுகிற தோட்டத் துண்டு ஒன்றைப் பத்து வருஷமாய் வைத்திருக்கிறார் அல்லவா, லண்டனில் பனி அவரைக் கேட்டுத்தான் விழும் என்ற நினைப்பு.

"நான் உனக்கு எத்தினை தரம் சொன்னனான்? மே மாசக் கடைசித் திங்கள், பாங்க் ஹொலிடே. அதுக்கு முன்னம் கத்தரியும் மிளகாயும் வாசல் தாண்டப்படாது. சொன்னனானோ இல்லையோ?... சொன்னனான். பேந்தென்ன? உன்ரை காணி கிடக்கிறது பள்ளத்துக்கை. குளிர், தண்ணி மாதிரி ஓடி வந்து பள்ளத்திலைதான் நிக்கும். மேட்டிலை இருக்கிறவன் தப்பினாலும் நீ தப்பமாட்டாய்... கேள். நான் கதைக்கேக்கை குறுக்கை கதையாதை."

கத்தரி போனால் போகட்டும், சிவகௌரிக்குத் தம்பியின் அந்தத் துண்டு நிலம்தான் முக்கியம். பாலன் வந்து இரண்டு வருஷமாகப் போகிறது. அகதி வழக்கு முடியவில்லை, வேலை செய்ய அனுமதி இல்லை. மூன்று பேரோடு ஓர் அறையில், சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தவன், அந்தத் தோட்டத் துண்டு கிடைத்த பிறகுதான் காலையில் எழும்பி முகம் கழுவுகிற மனிதனானான். ஆனால் குளிரில் ஒன்றும் நட முடியாமல் மாரி முழுக்க அது புல் மண்டிக் கிடந்ததைக் கண்டு தோட்டக் கொமிற்றி ஏற்கெனவே எச்சரித்துவிட்டது. மாதக் கடைசியில் வந்து பார்ப்பார்கள். நிலம் வெறுமையாய்க் கிடந்தால் வரிசையில் அடுத்து நிற்கிறவனுக்குக் கொடுத்துவிடுவார்கள். அது பறிபோனால் அவன் திரும்பவும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவான் என்பது அக்காவுக்குத் தெரியும்.

"சரி, அண்டைக்கு நடச் சொல்லி உனக்கு ஆர் சொன்னது?... ஆர் எண்டு கேக்கிறன்... ஒருத்தருமில்லையோ?... நீயாப் பாத்தனியோ? எதிலை பாத்தனீ?... பஞ்சாங்கத்திலையோ?"

உள்ளே வெங்காயக் கத்தி நின்றது. பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னது சிவகௌரிதான். இரண்டு கிழமைக்கு முந்தி, இதே தொலைபேசியில், ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல நேரம் எது எது என்று விரலை வைத்து வாசித்துக் காட்டினாள். புது நிலத்தில் முதல் நடுகை, நாள் பார்க்காமல் நடுவதா என்று அவள்தான் வற்புறுத்தினாள். பாலன் இப்போது அக்காவின் பெயரை எடுக்காமல் எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொள்கிறான். அது புரிந்தபோது அவளுக்குக் கண் கலங்கியது. வெங்காயம் இருந்தபடியால் வசதியாய்ப் போயிற்று.

ஸ்ரீஸ்கந்தராஜா வயரை இழுத்துக்கொண்டு ஓரடி நகர்ந்து, குசினிப் பக்கமாய்த் திரும்பி நின்றார்.

"எடேய், அது யாழ்ப்பாணத்துக்குக் கணிச்ச பஞ்சாங்கம். அங்கை ஆருக்குப் பனி? அதிலை ராகுகாலம் இருக்கும், குளிகை இருக்கும், கரிநாள் இருக்கும். புரொஸ்ட் விழுற நாள் எந்தப் பக்கத்திலை போட்டுக் கிடக்கு?... சொல்லன்... வாயிலை கொழுக்கட்டையோ? படிச்ச பெடியன், பிளேனிலை ஏறி வந்தனீ. மூளையை மட்டும் சுன்னாகத்திலை விட்டிட்டு வந்திட்டியோ?... தேங்காயும் உடைச்சிருப்பாய், கற்பூரமும் கொளுத்தியிருப்பாய். வெள்ளைக்காரன் வேலியாலை எட்டிப் பாத்துச் சிரிச்சிருப்பான். எனக்கு இஞ்சை வெக்கமாக் கிடக்கு."

இவ்வளவும் கேட்டுக்கொண்டு சிவகௌரி பேசாமல் நின்றதற்கு ஒரு காரணம் இருந்தது. அவளுடைய மனுஷன் ஏசிப்போட்டுக் கொடுக்கிறவர். பாலனுக்கு வின்டர் கோட் வாங்கிக் கொடுத்ததும் ஏசிப்போட்டுத்தான். லோயரிடம் கூட்டிப் போனதும் அப்படித்தான், போகும் வழி முழுக்கக் காருக்குள் அர்ச்சனை. ஏச்சு எவ்வளவு நீளமோ அவ்வளவுக்குக் கை தாராளம் என்று அவள் கணக்கு வைத்திருந்தாள். பின்வளவுக் கண்ணாடிக் கூட்டுக்குள் கத்தரிக் கன்றுகள் தட்டுத் தட்டாய் நிற்கின்றன. மாசியில் அவளுடைய யன்னல் படிகளில் முளைத்து, அவள் கையால் தண்ணீர் குடித்த கன்றுகள். அதில் பாதியைக் கொடுத்தாலே பாலனுடைய நிலம் நிரம்பிவிடும். இவர் ஏசி முடிக்க அரை மணித்தியாலம் எடுக்கும், அதற்குள் பெட்டியில் அடுக்கிவிடலாம் என்று கையைக் கழுவினாள்.

"கன்றோ?... என்னட்டையோ?... இல்லை... இல்லை எண்டால் இல்லை. தரமாட்டன்... ஏனெண்டால், தந்தால் உனக்குப் புத்தி வராது. திரும்பவும் பஞ்சாங்கத்தைப் பாப்பாய்... கொமிற்றி வந்தால் வரட்டும். எடுத்தால் எடுக்கட்டும். நிலத்தை அதின்ரை அருமை தெரிஞ்சவன் வைச்சிருக்கட்டும்."

சிவகௌரி திகைத்துப்போனாள். இந்த மனுஷன் வாயால் எதையும் சொல்வார், ஆனால் பயிரை இல்லையென்றது கிடையாது. அந்தக் கவுன்சில் தோட்டத்தில் முன்பின் தெரியாத போலந்துக்காரிக்குக்கூட மிளகாய்க் கன்று தூக்கிக் கொடுத்தவர். சரி, சொல்கிறதைச் சொல்லட்டும், நான் எடுத்துக் கொடுத்தால் என்ன செய்துவிடுவார் என்று பின்கதவைத் திறந்துகொண்டு வளவுக்குள் இறங்கினாள்.

பனி உருகிப் புல் நனைந்திருந்தது. கண்ணாடிக் கூட்டுக்கு எப்போதும் பூட்டுப் போட்டிருக்கும். பொம்பிளையள் கதவைச் சாத்த மறந்துவிடுவார்கள் என்பது அவருடைய கட்சி, திறப்பு அவருடைய பொக்கற்றுக்குள்தான் இருக்கும், அவள் உள்ளே போய்க் கிழமைக்கணக்காகிறது. இன்றைக்குக் கதவு சும்மா திறந்து கிடந்தது. உள்ளே தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கியிருந்தன. ஒரு கன்றுகூட இல்லை. வெறும் சட்டிகளும், காய்ந்த மண்ணும்.

குப்பைத் தொட்டியின் பக்கத்தில் ஒரு கறுப்புப் பை இருந்தது. நேற்று அது அங்கே இல்லை. சிவகௌரி முடிச்சை அவிழ்த்தாள். கத்தரிக் கன்றுகள், வேரும் மண்ணுமாய். அவித்த கீரைபோல் கறுத்துத் தொங்கின. அவற்றின் அடியில், மண் ஒட்டியபடி, ஒரு தேங்காய்ப் பாதி.

அந்தத் தேங்காயை அவள் தேடியிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சாமித்தட்டில் வைத்திருந்ததைக் காணவில்லை. கேட்டதற்கு, காருக்கு உடைக்க எடுத்தனான், கார் நெடுகப் பழுதாகுது என்றார். அவளும் நம்பினாள். அவள் பாலனுக்கு நல்ல நேரம் வாசித்துக் காட்டியபோது இவர் முன்னறையில் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டு இருந்தவர். பேப்பருக்குப் பின்னால் காது மட்டும் வேலை செய்திருக்கிறது. இன்று விடியவே கார் போனதும் தோட்டத்துக்குத்தான், கருகியதைப் பிடுங்கி ஒருவரும் காணமுன்னம் கொண்டுவர.

ஏன் என்பதும் அவளுக்கு உடனே விளங்கியது. பக்கத்துத் துண்டுக்கார ஞானரட்ணம் அந்த வெயில் கிழமையில் முந்திக்கொண்டு நட்டுவிட்டார். ஒவ்வொரு வருஷமும் கோயில் திருவிழாவுக்கு முதற்காய் போவது ஸ்ரீஸ்கந்தராஜாவின் தோட்டத்திலிருந்து. இந்த முறையும் அப்படித்தான் என்று ஐயரிடம் சொல்லியும் வைத்துவிட்டார். மனம் பொறுக்கவில்லை. பாங்க் ஹொலிடேயாவது ஒன்றாவது.

கன்றுகள் செத்ததற்காக அவளுக்குக் கோபம் வரவில்லை. நாள் பார்த்துச் சொன்னது ஆர் என்று தெரிந்துகொண்டே, "ஆர் சொன்னது, ஆர் சொன்னது" என்று அந்தப் பிள்ளையை உருட்டினாரே, அதற்குத்தான் வந்தது. இவ்வளவு கோபம் அவளுக்கு வந்து கனகாலம். தேங்காய்ப் பாதியைக் கையில் எடுத்தாள். திரும்பும்போது தண்ணிக் குழாயடியில் அவள் எப்போதோ தூவிவிட்ட கொத்தமல்லி கண்ணில் பட்டது. அதன் மேலும் பனிதான் விழுந்திருந்தது. உருகிய நீர் இலையில் நிற்க, பச்சைப் பசேலென்று நின்றது.

உள்ளே அர்ச்சனை உச்சத்தில் இருந்தது.

"என்னைப் பார். பத்து வருஷம். ஒரு கன்று, ஒரே ஒரு கன்று பனிக்குக் குடுத்திருப்பனோ?... ஏன்? பொறுமை. அவசரக்காரனுக்கு இந்த நாட்டிலை முள்ளங்கியும் முளைக்காது. உங்கடை ஆக்கள் எல்லாரும் இப்பிடித்தான்..."

சிவகௌரி தேங்காய்ப் பாதியைத் தொலைபேசி மேசையில், அவர் கண்ணுக்கு நேரே வைத்தாள். மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

"...எல்லாரும்..." என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா. அந்தப் பக்கத்தில் பாலன் ஹலோ ஹலோ என்கிறான் போலும், "ஓம், நிக்கிறன்" என்று மட்டும் முனகினார். அவள் கையை நீட்டினாள். மேலாளர் கூப்பிடும்போது வைத்துக்கொள்கிற அதே முகத்தோடு, ரிசீவரை அவளிடம் கொடுத்துவிட்டு அவர் படிக்கட்டில் உட்கார்ந்தார்.

"தம்பி, அக்காதான்... ஓம்... ஓம், கேட்டுக்கொண்டுதான் நிண்டனான்... இல்லை, நீ ஏன் மன்னிப்புக் கேக்கிறாய்? நாள் பாத்துச் சொன்னது நான். அது அத்தானுக்கும் தெரியும்... ஓம், முன்னமே தெரியும்."

படிக்கட்டிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"கன்றை விடு. இஞ்சை கன்று இல்லை... கோவத்திலை சொல்லேல்லை, மெய்யாவே இல்லை. நீ இப்ப குசினிக்குப் போய் வெந்தயப் போத்திலை எடு... ஓம், கறிக்குப் போடுற வெந்தயம்தான். இரவைக்கு ஊறப்போடு. நாளைக்கு நிலத்தைக் கிண்டி முழுக்கத் தூவு. கடுகையும் மல்லியையும் ஒரு பக்கத்திலை போடு... பயப்பிடாதை, உதுகளுக்குக் குளிர் ஒண்டும் செய்யாது. மல்லி கொஞ்சம் பிந்தும். வெந்தயம் ஒரு கிழமையிலை தலை காட்டும். கொமிற்றி வரேக்கை காணி பச்சையா நிக்கும். அவைக்குப் பச்சைதான் வேணும், கத்தரியோ கீரையோ எண்டு கேக்கமாட்டினம்... ஓம்... ஓம், கத்தரி பேந்து நடலாம். பாங்க் ஹொலிடேக்குப் பிறகு. அந்த ஒண்டு மட்டும் அத்தான் சொன்னது சரி."

தம்பியின் குரல் மெல்ல மெல்லத் தேறிவருவது அவளுடைய முகத்தில் தெரிந்தது.

"என்ன?... அத்தானின்ரை கன்றோ?" ரிசீவரைக் காதோடு அணைத்தபடி இப்போதுதான் படிக்கட்டைப் பார்த்தாள். ஸ்ரீஸ்கந்தராஜா கண்ணால் கெஞ்சினார். பத்து வருஷத்துத் தோட்டக்காரர், கையிரண்டையும் முழங்காலுக்கிடையில் வைத்துக்கொண்டு.

"அதே நாள்தான் தம்பி. அதே நேரம். தேங்காயும் உடைச்சு நட்டவர்."

ரிசீவரிலிருந்து கிளம்பிய சிரிப்பு படிக்கட்டு வரைக்கும் கேட்டது. இரண்டு வருஷத்தில் பாலன் அப்படிச் சிரித்து அவள் கேட்டதில்லை.

"சரி... சரி, சிரிச்சது காணும். நான் வைக்கிறன், தம்பி. அத்தானுக்கும் வெந்தயம் ஊறப்போட வேணும்."