ஆறு மணிக்கு மூஞ்சி காட்டுதேன்

எக்கோ வேண்டாம் தளவாய் அண்ணாச்சி. கொரலு காஞ்சு போயித்தான் இருக்கணும். நீங்க கல்யாண வீடியோ பண்ணிப் பண்ணி எல்லாத்தயும் மினுக்கிருதீய. நாற்காலியும் வேண்டாம், இங்கன தரையிலயே உக்காந்துக்கிடுதேன். அபி இப்பத்தான் கண்ண மூடுனா, மடியில கெடக்கட்டும். அந்தப் பையா? பிள்ளைக்கு நாலு துணி. பாட்டு வெளிய போனதும் அப்படியே திருநெல்வேலி பஸ் ஏறிரணும்.

எங்க வச்சுப் பாடுனேனா? நான் வேல பாக்குற குத்தாலம் லாட்ஜிலதான், பன்னெண்டாம் நம்பர்ல. அது ஆளு தங்குற ரூம் இல்ல, மெத்த, தலவாணி, கம்பளின்னு கூரை முட்ட அடுக்கியிருக்கும். பதினோரு மணிக்கு வந்தவுக காலி பண்ணிட்டுப் போவாவ. விரிப்ப எல்லாம் உருவி ஊறப் போட்டுட்டு, அரை மணி நேரம் அதுக்குள்ள போயிருவேன். ரெண்டு மெத்தைக்கு நடுவுல தலைய விட்டு போன்ல பாடுவேன். தொண்ட கிழிய கத்துனாலும் வெளிய கேக்காது. நான் எட்டாப்பு அண்ணாச்சி, ராகம் தாளம்னு ஒரு எழவும் தெரியாது. பேசுத மாதிரி பாடுவேன், அவ்வளவுதான்.

யூடியூப்ல சேனலுக்குப் பேரையும் பன்னெண்டாம் நம்பர்னே வச்சேன். மூஞ்சி போடல. மொட்ட மாடியில விரிப்பு காயுதத மட்டும் எடுத்துப் போட்டேன். நாலே பாட்டு, எழுபதாயிரம் பேரு. பாட்டுக் கம்பெனிக்காரன்கூட கேட்டான், நானே போட்டுக்கிடுதேன்னுட்டேன். வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. எங்க மாமியா குருவம்மாள நீங்க பாத்ததில்லயே! கோலம் போடும்போது முணுமுணுத்ததுக்கே, குடும்பப் பொம்பளைக்கு என்னட்டி பாட்டுன்னு சாணித் தண்ணிய காலுல ஊத்துனாவ.

ஆமா, மொத பாட்டுல அந்த எரச்சல் என் தப்புதான். சீசன் நேரம், ஜன்னல சாத்த மறந்துட்டேன். மழைச் சத்தத்த எந்த ஆப்புல எடுத்தீங்கன்னு ஆளாளுக்குக் கேக்கான். ஒருத்தர் மட்டும் எழுதுனாரு, இது மழை இல்ல, மெயின் அருவி, ஐந்தருவிகூட கெடையாது, நான் அந்தப் பக்கத்துக்காரன், எனக்குத் தெரியும்னு. வெளியூர்ல வேலையாம். அப்படிப் பிடிச்சதுதான், அஞ்சு மாசமா தெனமும் மெசேஜு.

இப்ப ஹெட்போன்ல கேக்கீயல்லா, அந்த ஆம்பளக் கொரலு, அவருதான். எம் பொண்டாட்டி ஒரு மரக்கட்டன்னு சொல்லுதாரே. சிரிப்பு வருதா? சிரிங்க. ஊரே சிரிக்கணும்னுதான் மொதல்லயே வச்சிருக்கேன். இது மாதிரி அவரு பேசி அனுப்புன மெசேஜு நாப்பத்தி மூணு எங்கிட்ட இருக்கு. இந்தப் பாட்டுல நான் எழுதுன வரின்னு ஒண்ணுகூட இல்ல. கையி உப்புத்தாளு, வாயி ஊமக்கோட்டான், போட்டோவுக்கு நின்னா பொணம். எல்லாம் அவரு சொன்னது. நான் மெட்டு போட்டேன்.

சம்மதமா? உம் பாட்டுல எங்கொரலு ஒரு ஓரமா வந்தாப் போதும், செத்துருவேன்னு சொன்ன மனுசன்தான்.

நானும் யோக்கியம் இல்ல. அப்புறம், அப்புறம்னு ரெண்டு எழுத்து தட்டி விட்டாப் போதும், கொட்டிருவாரு. நேருல எனக்கு யாருட்டயும் வாயே வராது, உங்ககிட்ட இம்புட்டு பேசுததே அதிசயம். கட்டவெரலுக்கு மட்டும் கூச்சம் இல்ல போல.

எங்க வீட்டுல அவுகளா? இசக்கிதுரை. பட்டாளம். ஞாயித்துக்கெழம போன் வரும். சாப்டியாம்பாவ, ம்ம்பேன். பிள்ள சாப்டுச்சாம்பாவ, ம்ம்பேன். அம்மாட்ட குடுன்னுருவாவ. கல்யாணமாயி நாலு வருசத்துல நூறு வார்த்த பேசியிருந்தா பெருசு.

பயமில்லாமயா? எம் மூஞ்சி வெளிய தெரிஞ்சா அந்த வீட்டுல எனக்கு ஒரு நிமிசம் எடம் கெடையாது. போவட்டும், பிள்ளையப் பிடுங்கிருவாவளே. அதான் பிள்ளையயும் பையயும் கையோட தூக்கிட்டு வந்துட்டேன்.

பெறவு ஏன் காட்டுதேன்னா, போன மாசம் அந்த மனுசன் ஒண்ணு எழுதுனாரு. நீ சரின்னு ஒரு வார்த்த சொல்லு, லீவுல வந்து அவள அவ அப்பன் வீட்டு வாசல்ல தள்ளிட்டு வந்துருதேன், பிள்ள எங்க அம்மாட்ட இருக்கட்டும்னு. நான் மூணு நாளு சோறு எறங்காம கெடந்தேன். நாலாவது நாளு சரின்னு போட்டுட்டேன்.

அப்படிப் பாக்காதீய அண்ணாச்சி. அடுத்தவ குடியக் கெடுக்கலாமாங்கீய. அவ மரக்கட்டதான, அவளுக்கு வலிக்கவா போவுது?

இன்னைக்கு ஆறு மணிக்கு எம் மூஞ்சியப் பாத்துக்கிடுங்கன்னு அவருட்ட சொல்லிட்டேன். ஒரே குதி. கூட வேல பாக்குறவன் பூராத்தயும் டிவி முன்னால உக்கார வச்சிருக்காராம். இவதாம்லே எம் ஆளுன்னு காட்டணுமாம். முப்பது பேரு இருப்பாவளாம்.

மணி என்ன? ரெண்டு நிமிசம் இருக்கா? அந்த ஹெட்போனக் கழத்துங்க. ஸ்பீக்கர்ல மொதல்ல இருந்து ஒருக்கப் போடுங்க, பாத்துட்டு ஏத்திருவோம். இன்னும் கொஞ்சம் சத்தமா.

ஏட்டி அபி! எங்கட்டி ஓடுத? வயர மிதிக்காத, இங்கன வா. ஏட்டி, ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னாலல்லாம் யாரும் இல்ல. இல்ல அண்ணாச்சி, பயந்து முழிக்கல. அவ அப்பா கொரலு கேட்டா அப்படித்தான், எங்க இருந்து வருதுன்னு தேடுவா. நீங்க எதுக்கு கைய எடுத்துட்டீய? அமுக்குங்க, ஆறு ஆயிருச்சு.