இட்லி குண்டானில் வெந்த ரியாக்டர்

ஐப்பசி மாதச் செவ்வாய்க்கிழமை. நெய்வேலியிலிருந்து வடலூர் போகும் பஸ்ஸில், முன்சீட்டில் மகளோடு இருந்த அம்மாள் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்:

"இவ ரியாக்டர இட்லி குண்டான்ல வேகவச்சிட்டேன்க்கா."

"ரியாக்டரா?"

"உள்ளங்கை அகலந்தான். பிளாஸ்டிக்க உருக்கி மிஷின்ல பிரிண்ட் போட்டது. உள்ள நெளிநெளியா குழா. இந்தாண்ட ரெண்டு மருந்த வுட்டா, கலந்துகினே போயி அந்தாண்ட வேற மருந்தா வரும்."

"அத ஏன் வேகவச்ச?"

"மருந்து ஓடறதாச்சே, பால்புட்டி மாதிரி சுத்தமா இருக்கட்டும்னுதான். அப்பளமா வளைஞ்சிடுச்சி. இன்னிக்கு காலேஜ்ல ஓட்டிக் காட்டலன்னா இவ பிஎச்டி தள்ளிப்போவும்."

"அதுக்கு நீ எங்க போற?"

"நாந்தான் வேகவச்சேன்னு சொல்ல. இவ சொன்னா யாரு நம்புவாங்க?"

ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த மகள் திரும்பினாள். "எவ்ளோ நேரம் சூட்டுல இருந்துதுன்னு கேப்பாங்க. சரியா சொல்லு."

"ஒரு ஈடு இட்லி வேகற நேரம்" என்றார் அம்மாள்.